டீசல் டேங்க் இடம் மாறினால் பழைய படகு சமநிலைக்கு வருமா?

"போட்டு பின்னாடி உட்காருது, அணியம் தூக்கிக்கிட்டு நிக்குது." பழைய விசைப்படகு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற இந்த நாட்களில்தான் பலரும் டீசல் டேங்கை இடம் மாற்ற யோசிக்கிறார்கள். சரியாகச் செய்தால் நல்ல பலன் உண்டு. தவறினால் உயிருக்கே ஆபத்து.

ஏன் பின்பக்கம் தாழ்கிறது?

படகு கட்டும்போது இருந்த எடைக்கணக்கு வேறு, இப்போது இருப்பது வேறு. இடையில் பெரிய என்ஜின் வந்திருக்கும், வின்ச் மாறியிருக்கும், வலையும் ஐஸும் கூடியிருக்கும். மரப்படகு என்றால் பலகை ஊறியும் எடை ஏறும். பின்பக்கம் அதிகம் தாழ்ந்தால் அலை உள்ளே ஏறும், ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது, டீசலும் வீணாகும். அதற்காக முன்பக்கம் அதிகம் தாழவும் கூடாது. சுக்கான் பிடிப்பு குறையும், அணியம் அலைக்குள் குத்தும்.

கணக்கு எளிதுதான்

ஒரு லிட்டர் டீசல் சுமார் 840 கிராம். 500 லிட்டர் டேங்க் நிரம்பினால் டீசல் மட்டுமே 420 கிலோ. அதை 2 மீட்டர் முன்னால் நகர்த்துவது, 70 கிலோ எடையுள்ள 6 பேர் 2 மீட்டர் முன்னால் போய் உட்காருவதற்குச் சமம். முன்பக்கம் கல்லோ மணல் மூட்டையோ போட்டுச் சரிக்கட்டினால் படகின் மொத்த எடை கூடி, படகு இன்னும் தாழும். இருக்கிற எடையை நகர்த்துவதே நல்லது.

டீசல் எடை நிலையானதும் அல்ல. போகும்போது டேங்க் நிறைந்திருக்கும். திரும்பும்போது காலியாகி, மீன் ஏறியிருக்கும். அதனால் டேங்க் படகின் நீளவாக்கில் நடுப்பகுதிக்கு எவ்வளவு பக்கமாக இருக்கிறதோ, அவ்வளவு நல்லது. டீசல் தீரத்தீர படகின் நிலை பெரிதாக மாறாது.

முதலில் அளந்து பாருங்க

அலை இல்லாத துறைமுகத் தண்ணீரில் படகை நிறுத்தி, அணியம், பின்பக்கம், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் தளத்திலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். டேங்க் நிறைந்தபோது ஒருமுறை, காலியானபோது ஒருமுறை. பிறகு பழைய டேங்கைக் காலியாகவே வைத்து, புதிய இடத்தில் டீசல் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை அடுக்கி மீண்டும் அளக்க வேண்டும். தண்ணீர் கேன் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க: 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ; அதே அளவு டீசல் சுமார் 170 கிலோதான்.

செய்யக்கூடாதவை

• டேங்கைத் தளத்துக்கு மேலே ஏற்றாதீர்கள். எடை மேலே போனால் படகு கவிழும் அபாயம் கூடும். பக்கவாட்டில் ஆடிய படகு முன்பைவிட மெதுவாக நிமிர்ந்தால் அது எச்சரிக்கை.
• தடுப்புத் தகடு இல்லாத அகலமான டேங்க் வேண்டாம். பாதி நிரம்பிய டீசல் சாய்ந்த பக்கமே ஓடி, படகை மேலும் சாய்க்கும்.
• இரு பக்கமும் டேங்க் இருந்தால், இணைப்புக் குழாயின் வால்வைக் கடலில் மூடி வையுங்கள். திறந்திருந்தால் டீசல் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும்.
• பழைய டேங்கைச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் ஆவியை முழுவதும் வெளியேற்றாமல் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கும் வெடிக்கும்.

பொருத்தும்போது

டேங்கின் பாரம் வெறும் பலகை மேல் அல்ல, குறுக்குச் சட்டங்களின் மேல் விழ வேண்டும். அடியில் தண்ணீர் தேங்காதபடி இடைவெளி விட்டு, அலையில் நகராதபடி பட்டை போட்டு இறுக்குங்கள். என்ஜினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புகைக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது. காற்றுக்குழாயின் வாய் தளத்துக்கு வெளியே, அலை நீர் புகாத உயரத்தில் இருக்கட்டும். அவசரத்தில் டீசலை நிறுத்தும் வால்வு கைக்கு எட்டணும்.

அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்வது வழக்கம். படகில் மாற்றம் செய்வதற்கு முன்பே உங்கள் பகுதி மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி, என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. அனுபவமுள்ள படகு கட்டுநர் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் கரைக்கு அருகில், அமைதியான கடலில், லைஃப் ஜாக்கெட்டோடு இருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.