சம்பளம் மட்டும் போதுமா?



எந்த நாடு நல்ல நாடு என்று நம் வீடுகளில் கேட்டால், எங்கே சம்பளம் அதிகமோ அந்த நாட்டைச் சொல்வோம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று தலைமுறைகளாகச் சபுர் போய் வரும் நமக்கு அது இயல்புதான். ஆனால் நாடுகளை ஒப்பிட வேறோர் அளவுகோலும் உண்டு.

அதன் பெயர் மனித மேம்பாட்டுக் குறியீடு. பாகிஸ்தானின் நிதியமைச்சராக இருந்த மஹ்பூபுல் ஹக், தம்மோடு கேம்பிரிட்ஜில் படித்த நம் நாட்டு அமர்த்தியா சென்னின் துணையுடன் இதை உருவாக்கினார். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் இதை வெளியிட்டு வருகிறது. கேள்விகள் மூன்றுதான்: மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள்? எத்தனை ஆண்டு படிக்கிறார்கள்? தலைக்கு வருமானம் எவ்வளவு? மூன்றுக்கும் சம மதிப்பு.

2025ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள 193 நாடுகளில் ஐஸ்லாந்து முதலிடம், ஐக்கிய அரபு அமீரகம் 15, இந்தியா 130. நம் நாட்டில் சராசரி ஆயுள் 72. 25 வயதைக் கடந்தவர்கள் படித்திருப்பது சராசரியாக 6.9 ஆண்டுகள்தான். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை 13 ஆண்டுகள் படிக்கும் என எதிர்பார்க்கிறார்கள்.

பக்கத்திலிருக்கும் இலங்கையைப் பாருங்கள். 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல், மக்கள் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாடு அது. அப்படியிருந்தும் 89ஆம் இடத்தில், நமக்கு வெகு முன்னால் நிற்கிறது. 1945 முதல் அங்கே பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை. கஜானா காலியானாலும் மக்கள் பெற்ற படிப்பு எங்கும் போய்விடவில்லை.

வீட்டுக்கும் இதே கணக்குதான். 2020இல் கொரோனா வந்தபோது வேலை இழந்து ஊர் திரும்பியவர்களை நாம் மறக்கவில்லை. கையில் படிப்போ தொழிலோ இருந்தவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் அடுத்த விசாவுக்குக் காத்திருந்தார்கள். இன்றும் பிளஸ் டூ முடித்ததும் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறோம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். பன்னிரண்டோடு நிறுத்தினால், நாட்டுச் சராசரியாக எதிர்பார்க்கப்படும் 13ஐக்கூட நம் பிள்ளைகள் தொடுவதில்லை. சபுர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்துவிட்டுப் போகட்டும் என்கிறோம்.

கும்பகோணத்தில் அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கெனத் தனி அரசுக் கல்லூரியும் உள்ளன. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்கள் மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்: பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

விண்ணப்பிக்க உதவி தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து செய்து தருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்