அமெரிக்கக் கல்லூரிகளிற் சோதரர் கழகங்கள்

பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு முதன்முறையாகக் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்த நாளின் மாலைப்பொழுதை நம்மிற் பலர் மறந்திரார். பெட்டியும் படுக்கையும் அறையின் ஒரு மூலையிற் கிடக்க, உணவுக்கூடத்தில் எவர் பக்கத்தில் அமர்வதென்று அறியாது நின்ற அந்நிலை எந்நாட்டு மாணவர்க்கும் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாட்டு மாணவர் அத்தனிமைக்கு நெடுநாளாகக் கண்டுவைத்திருக்கும் மருந்து ஒன்றுண்டு. அதுவே 'பிரட்டர்னிட்டி' எனப்படும் சோதரர் கழகமாகும். அம்மருந்து சிலர்க்கு வாழ்நாள் நட்பை அளித்திருக்கின்றது. சிலர்க்கு நஞ்சாகவும் முடிந்திருக்கின்றது. ஆதலின் அக்கழகங்களின் தோற்றம், இயல்பு, அவற்றுள் ஒன்றைத் தேரும் முறை ஆகியவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

'பிராட்டர்' என்னும் இலத்தீன் சொல் உடன்பிறந்தானையும், 'சொரோர்' என்னும் சொல் உடன்பிறந்தாளையும் குறிப்பன. அவற்றினின்றும் ஆடவர் கழகம் பிரட்டர்னிட்டி என்றும், மகளிர் கழகம் சொராரிட்டி என்றும் பெயர் பெற்றன. பொதுப்பெயர் இலத்தீனாயினும், பெரும்பாலான கழகங்கள் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துக்களையே தம் சிறப்புப்பெயராகச் சூடிக்கொள்ளும். இதுபற்றியே அக்கழகத்தார் வாழ்க்கை முழுவதும் 'கிரேக்க வாழ்க்கை' என வழங்கப்படுகின்றது. கிரேக்க நாட்டார் வாழ்க்கைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவ்வெழுத்துக்கள் பெரும்பாலும் ஒரு கிரேக்கத் தொடரின் முதலெழுத்துக்களாம். அதன் பொருளை உறுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு உரையாத கழகங்களும் பல.

இவ்வழக்கம் 1776-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரிக் கல்லூரியில் 'ஃபை பீட்டா கப்பா' என்னுங் கழகத்தோடு தொடங்கிற்று. அறிவின்பாற் கொண்ட அன்பே வாழ்க்கைக் கலத்தைச் செலுத்தும் மாலுமி என்பது அம்மூன்றெழுத்தின் கருத்து. பிற்காலத்தில் அது மறைவொழுக்கத்தை விடுத்து, கல்வியிற் சிறந்தார்க்குரிய மதிப்புக் கழகமாக மாறிற்று. இன்று நாம் காணும் வகையான சோதரர் கழகங்கட்கு முன்னோடியாவது 1825-இல் நியூயார்க்கு மாநிலத்து யூனியன் கல்லூரியில் எழுந்த 'கப்பா ஆல்ஃபா' என்பதாகும். 1827-இல் அக்கல்லூரியிலேயே மேலும் இரண்டு தோன்றின. ஒகையோ மாநிலத்து மயாமிப் பல்கலைக்கழகத்தில் 1839, 1848, 1855 ஆகிய ஆண்டுகளில் மும்மூன்றெழுத்தும் ஈரெழுத்துமாக மூன்று கழகங்கள் எழுந்து நாடெங்கும் கிளைகளைப் பரப்பின.

அக்காலத்து மாணவர் இவற்றை நாடியது ஏன்? அந்நாளைக் கல்லூரிகளிற் பாடத்தை மனப்பாடஞ் செய்து ஒப்புவித்தலும், வழிபாட்டிற்கு மணியடித்தவுடன் ஓடுதலும், ஆசிரியரின் ஓயாக் கண்காணிப்புமே மிகுதி. தாமே கூடி, தாம் விரும்பியவற்றைப் பேசுதற்கு இளைஞர்க்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. விடுதிகள் போதாதிருந்த ஊர்களில் கழகங்கள் வீடுகளையும் அமைத்துக்கொண்டன. உறைவிடம், உணவு, நட்பு, மறைமொழி ஆகிய நான்கும் ஒரு கூரையின்கீழ் வந்தன.

ஆயினும் உடன்பிறப்பு என்னும் பெயர் பூண்ட அவ்வீடுகளின் கதவுகள் அனைவர்க்கும் திறந்திருந்தன அல்ல. பெண்டிர் தமக்கெனக் கழகங்கள் கண்டனர். 'கப்பா ஆல்ஃபா தீட்டா' 1870-இல் இந்தியானா மாநிலத்தில் எழுந்தது. கறுப்பின மாணவர் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்னுங் கழகத்தை நிறுவினர். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினராயினார். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக் கறுப்பின மகளிர் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வைத் தோற்றுவித்தனர். நம்மவரும் இவ்வரலாற்றில் இல்லாமலில்லை. இந்தியாவினின்றும் அதன் அண்டை நாடுகளினின்றும் அங்குக் குடியேறினோர் மக்கள் 1990-க்குப் பிறகு தமக்கெனவும் கிரேக்க எழுத்துக் கழகங்கள் கண்டனர். 1998-இல் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் எழுந்த 'டெல்ட்டா எப்சிலன் சை' அவற்றுள் ஒன்று.

இனி, ஒரு மாணவன் இக்கழகத்துட் புகும் வகையைக் காண்போம். பருவத் தொடக்கத்தில் 'ரஷ்' எனப்படும் சில நாட்களில் ஒவ்வொரு கழகமும் தன் வீட்டைத் திறந்து புதியோரை வரவேற்கும். விருந்தும் விளையாட்டும் நடைபெறும். புதியோர் வீடுதோறும் சென்று காண்பர். வீட்டாரும் புதியோரை உற்றுநோக்குவர். மகளிர் கழகங்களில் இம்முறை மிக ஒழுங்குபட்டது. முதலில் எல்லா வீடுகளையும் கண்டு, நாளடைவிற் சிலவாகக் குறைத்து, இறுதியில் இருதிறத்தார் விருப்பமும் ஒத்து முடிவது. தேர்ந்தெடுக்கப்பெற்றோர்க்கு 'பிட்' என்னும் அழைப்பு வரும். அதனை ஏற்றவன் 'பிளெட்ஜ்', அஃதாவது உறுதி கூறியவன் ஆவான். சில கிழமைகள் கழகத்தின் வரலாற்றையும் விதிகளையும் கற்று, பின்னர் மறைச்சடங்கொன்றாற் முழு உறுப்பினனாவான்.

உறுதி கூறியவனுக்கும் முழு உறுப்பினனுக்கும் இடைப்பட்ட இக்காலமே இடர்மிக்கது. 'ஹேசிங்' எனப்படும் கொடுமை பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றது. உறங்கவிடாமை, இழிதொழில் ஏவல், அடித்தல், அளவின்றி மதுவருந்தச் செய்தல் என அதன் வடிவங்கள் பல. 1873-இலேயே கார்னெலில், கழகச் சடங்கிற்காக இரவில் அழைத்துச் செல்லப்பட்ட மாணவன் ஒருவன் மலைப்பிளவில் வீழ்ந்து மாண்டான். நம் தமிழ்நாட்டிலும் இக்கொடுமை 'ராகிங்' என்னும் பெயரால் 1996-இல் ஒரு மாணவன் உயிரைக் கொண்டது. அதன் பின்னரே 1997-இல் தடைச்சட்டம் எழுந்தது.

சோதரத்துவத்தின் உண்மையை அளந்தறிய இரண்டு நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குதல் நலம். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக் கழக வீடொன்றில் பத்தொன்பது வயதினன் ஒருவன், அழைப்பை ஏற்ற இரவிலேயே மிகுதியாக மதுவருந்தச் செய்யப்பெற்றுப் படிக்கட்டில் உருண்டு வீழ்ந்தான். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தும், மறுநாட் காலை வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் மருத்துவ உதவியை எவரும் அழைத்திலர். இரு நாட்களில் அவன் இறந்தான். அவ்வயதே எனக்கும். அவனைச் 'சோதரன்' என விளித்து ஏற்றுக்கொண்டது அன்று மாலைதானே என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

மற்றொன்று 1948-இல் ஆம்ஹர்ஸ்ட்டுக் கல்லூரியில் நிகழ்ந்தது. அங்கிருந்த 'ஃபை கப்பா சை' கிளையினர் கறுப்பின மாணவன் ஒருவனை ஏற்றனர். தேசியத் தலைமை அதனைப் பொறாது அக்கிளையை நீக்கி வைத்தது. கிளையினரோ அவனைக் கைவிட்டிலர். தலைமையை இழந்து தனிக்கழகமாக நின்றனர். ஒருவன் பொருட்டுத் தம் பழம்பெயரை இழக்கத் துணிந்தவர் இவர். உடன்பிறப்பு இன்னதென்பதை இவ்விரு வீடுகளும் நமக்குத் தெரிவிக்கின்றன. ஒருவனைக் காக்கும் பொருட்டு எதனை இழக்கத் துணிவர் என்பதே ஒரு கழகத்தின் உரைகல்.

ஆகவே, அமெரிக்காவிற்கு மேற்படிப்பிற்குச் செல்லும் நம் இளைஞரோ, அங்கேயே பிறந்து வளர்ந்த நம் உறவினரோ இத்தேர்வை எதிர்ப்படின், சிலவற்றை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, விரைதல் கூடாது. புதியோர் முதற் பருவத்திலேயே சேர்தலைத் தடுக்கும் கல்லூரிகளும் உண்டு. தடையில்லாத இடத்தும் ஒரு பருவம் பொறுத்தல் இழப்பன்று. இரண்டாவது, சந்தா, வீட்டு வாடகை, உணவுச் செலவு ஆகியவற்றை எழுத்து மூலமாகக் கேட்டறிதல் வேண்டும். தந்தையின் கடனால் வாங்கும் நட்பு நெடுநாள் இனியாது. மூன்றாவது, அவ்வீட்டாரின் சராசரி மதிப்பெண்ணைக் காண்க. பல பல்கலைக்கழகங்கள் அதனைப் பருவந்தோறும் வெளியிடுகின்றன. நான்காவது, கழகங்களின் குற்றப்பட்டியலைப் படிக்க. 2024 டிசம்பரிற் கையொப்பமான கூட்டரசுச் சட்டம் ஒன்று, ஹேசிங் குற்றங்களை வெளிப்படையாக அறிவிக்குமாறு கல்லூரிகளைப் பணிக்கின்றது.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. விருந்து நாளில் அன்றி, யாதொரு சிறப்புமில்லாத ஒரு நாளில் அவ்வீட்டிற்குச் செல்லுக. சமையற்காரரிடம் எங்ஙனம் பேசுகின்றனர்? சென்ற ஆண்டு சேர்ந்த இளையோன் தன் மூத்தோர் நடுவில் அச்சமின்றிச் சிரிக்கின்றானா? மது வேண்டாம் என்பானை எள்ளுகின்றனரா? ஒருவன் இரவில் நோயுற்றால் முதலில் எவரை அழைப்பீர் என்று வெளிப்படையாக வினவுக. உடனே விடை வருமாயின் நன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பாராயின் விடைபெற்று வருதலே அறிவுடைமை. எக்கழகத்திலும் சேராது கற்று மேம்படுவோரே அந்நாட்டில் பெரும்பாலோர் என்பதையும் மறவற்க.

நமக்குக் கிரேக்க எழுத்துக்கள் இல்லை, மறைச்சடங்கும் இல்லை. எனினும் விடுதியின் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் ஒரு கூட்டம் உண்டு. அதிற் புகுதற்கு வாயிலில் நிற்கும் புதியவனும் ஆண்டுதோறும் உண்டு. வருகிற ஜூன் திங்களில் பெட்டியும் படுக்கையுமாக ஒருவன் வந்து நிற்கும்போது, அவனை நாம் எங்ஙனம் ஏற்போம் என்பதை இன்றே எண்ணி வைப்போமாக.