வலையமைப்பு மேலாண்மை மென்பொருளும் நம்பிக்கைச் சிக்கலும்: ஓரியன் ஊடுருவலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பெருநிறுவனங்களின் கணினி வலையமைப்புகளை ஓரிடத்திலிருந்து கண்காணிக்க உதவும் மென்பொருள்கள், தம் பணியின் இயல்பினாலேயே மிகுந்த அதிகாரம் உடையனவாக அமைகின்றன. அவ்வதிகாரம் எவ்வாறு குவிகிறது, அது பிறர் கைக்குச் செல்லும்போது நேர்வது யாது என்பவற்றை, 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஓரியன் ஊடுருவலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலையமைப்பு மேலாண்மை, எஸ்.என்.எம்.பி., ஓரியன், இலக்கமுறைக் கையொப்பம், மென்பொருள் வழங்கல் சங்கிலி

முன்னுரை

நூற்றுக்கணக்கான திசைவிகளும் சுவிட்சுகளும் வழங்கிகளும் பல கட்டடங்களில் பரவியிருக்கும் நிறுவனத்தில், எந்தக் கருவி எப்போது செயலிழந்தது என்பதை நேரில் சென்று அறிதல் இயலாது. இத்தேவையிலிருந்தே வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் தோன்றியது. இதனைக் ‘கண்காணிப்புக் கருவி’ என்று சுட்டுவது பொதுவழக்கு. அவ்வழக்கு பிழையானதோர் எண்ணத்தைத் தருகிறது. பார்க்கும் உரிமையோடு மட்டும் இம்மென்பொருள் நின்றுவிடுவது அரிது.

கண்காணிப்பு நிகழும் முறை

இத்துறையின் அடிப்படை நெறிமுறை எஸ்.என்.எம்.பி. ஆகும். 1988இல் வெளியிடப்பட்ட இது 1990இல் நிலைபெற்ற வடிவம் கொண்டது. ஒவ்வொரு கருவியிலும் ‘முகவர்’ எனப்படும் சிறுநிரல் இயங்கும். மைய வழங்கியில் உள்ள மேலாளர் நிரல் குறித்த இடைவெளியில் முகவரை வினவி, செயலியின் பளு, இணைப்பின் நிலை முதலான மதிப்புகளைப் பெறும். அவசர நிகழ்வு நேரின் முகவரே முந்திக்கொண்டு செய்தி அனுப்பும்.

முதற்பதிப்பில் பாதுகாப்பு என்பது பெயரளவில்தான் இருந்தது. கடவுச்சொல்லுக்கு ஈடான ஒரு சொல் மறைகுறியாக்கம் இன்றியே வலையமைப்பில் பயணித்தது. பல கருவிகள் படிப்பதற்குப் ‘பப்ளிக்’, எழுதுவதற்குப் ‘பிரைவேட்’ என்னும் இயல்புச் சொற்களுடனேயே விற்கப்பட்டன. அவற்றை மாற்றாமல் விட்டவர் பலர். அடையாள உறுதிப்பாடும் மறைகுறியாக்கமும் கொண்ட மூன்றாம் பதிப்பு 2002இல்தான் முழுமையான தரமாயிற்று.

அதிகாரம் குவியும் இடம்

எஸ்.என்.எம்.பி. மட்டும் போதுமாயின் சிக்கல் சிறிது. ஆனால், விண்டோஸ் வழங்கிகளின் உள்நிலையை அறிய மேலாண்மை மென்பொருளுக்கு நிருவாகிக் கணக்கு தரப்படுகிறது. திசைவிகளின் அமைவுகளைப் படியெடுத்து வைக்க அவற்றின் கடவுச்சொற்களும் அதனிடம் சேமிக்கப்படுகின்றன. வலையமைப்பின் பிரிவுகளுக்கு இடையே எழுப்பப்பட்ட தீயரண்கள் அதற்கு மட்டும் வழிவிடுகின்றன. வேகம் குன்றாதிருக்கும்பொருட்டு, வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனையிலிருந்து அதன் கோப்புறைகளை விலக்கி வைப்பதும் உண்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான ஏற்பாடுகளே. ஒருங்கே சேரும்போது, நிறுவனத்தின் எல்லாப் பூட்டுகளுக்கும் உரிய சாவிக்கொத்து ஒரே வழங்கியில் தொங்குகிறது.

ஓரியன் ஊடுருவல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருள் ஓரியன். 2019இல் அந்நிறுவனத்தின் வலையமைப்பிற்குள் நுழைந்தோர், மென்பொருளின் மூலநிரல் களஞ்சியத்தை மாற்றவில்லை. மூலநிரல் இயங்குநிரலாகத் தொகுக்கப்படும் கணினியையே குறிவைத்தனர். பின்னாளில் ‘சன்ஸ்பாட்’ எனப் பெயரிடப்பட்ட சிறுநிரல் அங்கே காத்திருந்தது. ஓரியனைத் தொகுக்கும் பணி தொடங்கியதும் ஒரு மூலக்கோப்பை மாற்றி வைத்தது. தொகுப்பு முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்தது. களஞ்சியத்தைச் சோதித்தவர் எவருக்கும் குற்றம் புலப்பட்டிராது.

இவ்வாறு உருவான கோப்பின்மீது நிறுவனத்தின் மெய்யான இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்டது. கையொப்பம் பொய்யன்று, கையொப்பமிடப்பட்ட பொருளே மாறியிருந்தது. 2020 மார்ச் முதல் வாடிக்கையாளர்கள் இதனை முறையான இற்றைப்படுத்தலாகப் பெற்றனர். ‘சன்பர்ஸ்ட்’ எனப்பட்ட இத்தீநிரல் ஏறத்தாழ இரு வாரங்கள் வரை உறங்கிக் கிடந்து, பின்னர் ஓரியனின் வழக்கமான தகவல் போக்குவரத்தைப்போல் வேடமிட்டுத் தன் ஆணையகத்தோடு பேசியது. இங்கு ஒரு முரணைச் சுட்டலாம்: இற்றைப்படுத்தலைக் காலந்தாழ்த்தியோர் தப்பினர், பாதுகாப்பு அறிவுரையை உடனே பின்பற்றியோரே அகப்பட்டனர்.

மாசுற்ற பதிப்பை நிறுவியோர் 18,000க்கும் குறைவானோர் என்று சோலார்விண்ட்ஸ் தெரிவித்தது. அவர்களுள் உண்மையில் மேலும் ஊடுருவப்பட்டவை 9 கூட்டாட்சி அரசு அமைப்புகளும் ஏறத்தாழ 100 தனியார் நிறுவனங்களும் என வெள்ளை மாளிகை 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ரஷ்யாவின் அயல்நாட்டு உளவுத்துறையே இதற்குப் பொறுப்பென அமெரிக்க அரசு அவ்வாண்டு ஏப்ரலில் குற்றஞ்சாட்டியது.

வெளிப்பட்ட விதம்

இதனைக் கண்டுபிடித்தது மேலாண்மை மென்பொருள் எதுவும் அன்று. ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனத்தில், பணியாளர் ஒருவரின் கணக்கில் புதிய கைப்பேசி ஒன்று பதிவாகியிருந்தது. அது தம்முடையதா என வினவப்பட்டபோது அவர் இல்லை என்றார். அங்கிருந்து தொடங்கிய விசாரணை ஓரியனில் சென்று முடிந்து, 2020 டிசம்பர் 13 அன்று வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. அன்றே அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சி.ஐ.எஸ்.ஏ., பாதிப்புற்ற ஓரியன் பதிப்புகளை உடனடியாகத் துண்டிக்குமாறு அரசுத் துறைகளுக்கு ஆணையிட்டது. எதிரி உள்ளே இருக்கக்கூடும் என்று அறிந்த அதே நாளில், வலையமைப்பைக் காணும் கண்ணையும் மூட வேண்டியதாயிற்று.

தீர்வுகளும் அவற்றின் எல்லையும்

2021 மே மாதத்து அமெரிக்க அதிபர் ஆணை, மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவதை வலியுறுத்தியது. இது பயனுடையதே, ஆயினும் ஓரியன் நிகழ்வைத் தடுத்திருக்க வாய்ப்பில்லை. மாற்றப்பட்டது அயற்கூறு அன்று, நிறுவனத்தின் சொந்தக் கோப்பு. ஒரே மூலநிரலைத் தனித்தனிச் சூழல்களில் தொகுத்து விளைவுகளை ஒப்பிடும் முறையே இவ்வகை மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். சோலார்விண்ட்ஸ் பின்னர் அத்தகைய இணைத்தொகுப்பு முறையை மேற்கொண்டது.

நிறுவுவோர் பக்கத்தில் எளிய வழி ஒன்றும் இருந்தது. உள்ளிருக்கும் கருவிகளை வினவ வேண்டிய வழங்கிக்கு, வெளி இணையத்தோடு தடையற்ற தொடர்பு தேவையில்லை. வெளிச்செல்லும் தொடர்புகள் தீயரணால் தடுக்கப்பட்டிருந்தால் தீநிரல் ஆணை பெற இயலாது முடங்கியிருக்கும் என்பதைச் சி.ஐ.எஸ்.ஏ. 2021இல் ஒப்புக்கொண்டது, எனினும், எல்லாத் துறைகளிலும் அதனைச் செயற்படுத்துவது நடைமுறையில் எளிதன்று என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டது.