ஐம்பது வயதுக்காரருக்குக் கழிவு அட்டை: சேர்வதா, வேண்டாமா?

"ஐம்பது வயதாகிவிட்டதா? எங்கள் திட்டத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். வருடம் ஒரு தடவை சந்தா கட்டினால் போதும். மருந்து, மூக்குக்கண்ணாடி, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் கழிவு கிடைக்கும்."

இப்படிச் சொல்லி ஒருவர் அட்டையை நீட்டினால் என்ன செய்வது? வயசு போகப் போக ஆஸ்பத்திரிச் செலவும் மருந்துச் செலவும் கூடுகிறது. கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் மனசு இளகுவது இயற்கை. "சேராதீங்க" என்று நாம் ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம். "சேருங்க" என்றும் சொல்ல மாட்டோம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் யாராவது வருவோமா? இதையும் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த யோசனை எப்படி வந்தது?

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான இப்படியான சங்கங்களில் மிகப் பெரியது அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் ஏ.ஏ.ஆர்.பி. அதை ஆரம்பித்தவர் எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற அம்மையார். கலிபோர்னியாவில் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் வயதான ஆசிரியர்களுக்குச் சுகாதாரக் காப்புறுதி கொடுக்கக் கம்பனிகள் தயங்கின. ஆகவே 1947 இல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்காக ஒரு சங்கத்தை அமைத்தார். தனியாள் கேட்டால் கிடைக்காதது, பலர் சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. பிறகு 1958 இல் மற்ற முதியவர்களுக்காகவும் ஏ.ஏ.ஆர்.பி.யைத் தொடங்கினார். இன்று அதன் அங்கத்தவர் தொகை நமது நாட்டின் மொத்தச் சனத்தொகையைவிட அதிகம்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, பலர் சேர்ந்தால் பேரம் பேசும் பலம் கூடும். மற்றது, கழிவு கொடுப்பவருக்கும் அதில் இலாபம் உண்டு. அந்தச் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தி வியாபாரம் செய்யும் காப்புறுதிக் கம்பனி போன்றவை அதற்குப் பணம் கொடுக்கின்றன. அப்படி வரும் வருமானம் அங்கத்தவர் கட்டும் சந்தாவைவிடக் கூடுதல். இதில் களவு ஒன்றும் இல்லை. ஆனால் அட்டையைக் காட்டி வாங்கும் விலைதான் எப்போதும் ஆகக் குறைந்த விலை என்று நம்பிவிடக் கூடாது.

கொப்பியை எடுத்துக் கணக்குப் போடுவோம்

வருடச் சந்தா 1,500 ரூபா, கழிவு 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய சந்தா திரும்பி வர எவ்வளவுக்குச் சாமான் வாங்க வேண்டும்? சந்தாவை நூறால் பெருக்கி, கழிவு வீதத்தால் பிரியுங்கள். 30,000 ரூபா வரும். அதாவது அந்தக் கடையில் வருடத்துக்கு 30,000 ரூபாவுக்கு வாங்கினால்தான் போட்ட காசு கைக்கு வரும். இலாபம் அதற்குப் பிறகுதான். கழிவு 10 வீதம் என்றால் 15,000 ரூபாவுக்கு வாங்க வேண்டும்.

அடுத்தது பஸ் காசு. கழிவு கொடுக்கும் கடை டவுனில் இருக்கிறது, போய்வர 300 ரூபா முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபா மருந்துக்கு 5 வீதம் கழிவு 200 ரூபா. அதற்காகவே போனால் 100 ரூபா நட்டம். வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய பேரும் போச்சு.

இனி விலை. ஒரு கடையில் கண்ணாடிக்கு 12,000 ரூபா போட்டு, அட்டைக்கு 20 வீதம் குறைத்து 9,600 ரூபாவுக்குத் தருகிறார்கள். பக்கத்துக் கடையில் அதே மாதிரிக் கண்ணாடி அட்டை இல்லாமலே 9,000 ரூபா என்றால் எது மலிவு? எத்தனை வீதம் குறைத்தார்கள் என்பது முக்கியமல்ல. கடைசியாகக் கையை விட்டுப் போகும் காசு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யாருக்கு இலாபம்?

சிலருக்கு உண்மையாகவே இலாபம் வரும். ஒரு பெரியவருக்கு அரசாங்க கிளினிக்கில் இல்லாத மருந்தை மாதம் 6,000 ரூபாவுக்கு வெளியே வாங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 72,000 ரூபா. 5 வீதக் கழிவு 3,600 ரூபா. சந்தா 1,500 போனால் 2,100 ரூபா மிச்சம். கிளினிக் நாளிலேயே அந்தப் பார்மசிக்கும் போய்வரலாம் என்றால் அவர் சேர்வது நல்லது.

ஆனால் வருடத்தில் ஒரு தடவை கண்ணாடி மாற்றி, எப்போதாவது ஒரு போத்தல் மருந்து வாங்குகிறவருக்கு இது சரிவராது. அட்டை இருக்கிறதே என்று தேவையில்லாததை வாங்கத் தொடங்கினால், அது கழிவு அல்ல, மேலதிகச் செலவு.

சேர முன்பு கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சென்ற வருடம் இந்தச் சாமான்களுக்கு நம்ம வீட்டில் உண்மையாக எவ்வளவு செலவானது?
2. கழிவு கொடுக்கும் கடைகள் நாம் வழக்கமாகப் போகும் டவுனில் இருக்கின்றனவா? பெயர்ப் பட்டியல் எழுத்தில் இருக்கிறதா?
3. எல்லாவற்றுக்கும் கழிவு உண்டா, சிலவற்றுக்கு மட்டுமா? குறைந்தது இத்தனை ரூபாவுக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?
4. வருடம் முடிந்ததும் சந்தாவைத் தானாகவே பேங்க் கணக்கிலிருந்து வெட்டுவார்களா? விலக வேண்டுமென்றால் எப்படி?
5. நிபந்தனைகள் தமிழில் உள்ளனவா? இல்லையென்றால், வாசித்துச் சொல்லக்கூடிய பிள்ளை ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

காசு கட்டாமலே கிடைப்பவை

சந்தா கட்டுவதற்கு முன்பு, நமக்கு உரிமையாகக் கிடைப்பதை எடுத்தோமா என்று பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்கும் அங்கே கொடுக்கும் மருந்தும் இலவசம். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சீனி வியாதி, பிரஷர் ஆகியவற்றை இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. இலவசமாகச் செய்யும் பரிசோதனைக்கு, கழிவு விலையில் காசு கொடுப்பது எதற்கு?

60 வயதானதும் முதியோர் அடையாள அட்டை பெறலாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதைக் கடந்தவரே முதியவர். இந்த அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம சேவகரிடமும் விபரம் கேட்கலாம். ஆஸ்பத்திரி, பேங்க் போன்ற இடங்களில் முன்னுரிமை பெற இது உதவும். இதற்கு வருடச் சந்தா கிடையாது.

சேமலாப நிதிப் பணம் கவனம்!

ஐம்பது என்பது நம் பெண்களுக்கு முக்கியமான வயது. வேலையிலிருந்து ஓய்வுபெறும் பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். சம்பளத்தில் நம்மிடம் வெட்டும் 8 வீதமும் கம்பனி போடும் 12 வீதமும் வருடக்கணக்காகச் சேர்ந்த பணம் அது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி வருடத்துக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணமும் உண்டு. வயசாகிவிட்டது என்று யாரும் அவசரப்பட்டுப் பேர் வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. 2021 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60.

கையில் மொத்தமாகக் காசு வரும்போதுதான் "வாழ்நாள் அங்கத்துவம் எடுங்க, ஒரே தடவை பெரிய தொகை கட்டினால் போதும்" என்ற பேச்சும் வரக்கூடும். அந்தத் திட்டம் இரண்டு வருடத்தில் நின்றுவிட்டால் கட்டிய காசு எங்கே? ஆகவே வாழ்நாள் அங்கத்துவத்துக்கு உடனே தலையாட்ட வேண்டாம். சேருவதென்றால் முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் சேர்ந்து பாருங்கள்.

"நீங்க மூணு பேரைச் சேர்த்துவிட்டா உங்களுக்குக் காசு, அவங்க ஆள் சேர்த்தா அதிலயும் உங்களுக்குப் பங்கு" என்று சொன்னால், அது கழிவுத் திட்டமே அல்ல. பிரமிட் திட்டம். இலங்கையில் வங்கிச் சட்டத்தின்படி அதை நடத்துவது குற்றம், ஆள் சேர்த்துவிடுவதும் குற்றம். கடைசியாகச் சேர்ந்தவரின் காசுதான் போகும். அது நம்ம லயத்துச் சொந்தமாகத்தான் இருக்கும். சாமான், விலை, கழிவு சம்பந்தமாக ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

முதலில் செய்ய வேண்டியது

ஐம்பதைத் தொட்டவர்கள் வேறு எந்த அட்டைக்கும் முன்பு தங்கள் தேசிய அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். அதிலுள்ள பேரும் பிறந்த திகதியும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் செக்ரோலிலும் சேமலாப நிதிக் கூற்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே தோட்ட ஒப்பீசில் சொல்லித் திருத்துங்கள். ஓய்வு பெற்ற பிறகு அலைந்தால் பஸ் காசும் நாளும்தான் வீண்.

அது முடிந்ததும் மூன்று மாதத்துக்கு மருந்து, கண்ணாடி, பரிசோதனைச் செலவை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அதை நாலால் பெருக்கினால் வருடச் செலவு தெரியும். மேலே சொன்ன கணக்கில் சந்தாவைவிடக் கழிவு கூடினால் தாராளமாகச் சேருங்கள். குறைந்தால், அந்தச் சந்தாக் காசை உங்கள் பெயரிலேயே பேங்கில் போடுங்கள்.