கம்பி எட்டாத காட்டுக்கு விளக்கு

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு, பாலத்தைத் தாண்டினால் வரும் வெலிங்டன் தீவு நன்கு பழக்கமான இடம். ஆனால் இரு கரைக்கும் மின்சாரம் தருவது ஒரே நிறுவனம் அல்ல என்பதைப் பலர் அறியார். இக்கரையில் தருவது மின்வாரியம். தீவிலோ, வாரியத்திடம் மொத்தமாக வாங்கி, உரிமம் பெற்று, துறைமுகமே வினியோகிக்கிறது. மூணாறில் தேயிலைக் கம்பெனிக்கும் இத்தகைய உரிமம் உண்டு.

அப்படியானால், கம்பி போகாத காட்டுக் கிராமம் தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளலாமா?

சட்டம் சொல்வது

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 'லாம்' என்கிறது. மாநில அரசு அறிவித்த கிராமப் பகுதிகளில் உரிமமே தேவையில்லை. பாதுகாப்பு விதிகளை அனுசரித்தால் போதும். சிக்கல் பிறகுதான். நாளை வாரியத்தின் கம்பி வந்துவிட்டால், பணம் போட்டு அமைத்த சிறு நிலையத்தை யார், என்ன விலைக்கு ஏற்பது? சட்டத்தில் பதில் இல்லை. உத்தரப் பிரதேச அரசு 2016இல்தான் இதற்கு வழி செய்து ஒரு கொள்கை வகுத்தது.

"நிஜக் கரண்டு வேண்டும்!"

மக்களின் மனமும் ஒரு தடை. பீகாரில் தர்னை என்ற கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. திறப்பு விழாவுக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊரார், "போலிக் கரண்டு வேண்டாம், நிஜக் கரண்டு கொடுங்கள்" என்று கோஷமிட்டனர். விளக்கு எரிந்தது, பிரிஜ் ஓடவில்லை. பின்னர் அரசின் கம்பி மலிவு விலையில் வந்தது. பாட்டரிகள் ஓய்ந்தன, நிலையமும் முடங்கியது. ஊராரைக் குறை கூறுவதற்கில்லை. பட்டணத்தானுக்கு ஒரு மின்சாரம், தமக்கு வேறொன்றா என்பதே அவர்கள் கேள்வி.

இடமலைக்குடி

மதுரையிலிருந்து மலையேறியவர்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி, மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி இது. மாநிலம் முழுவதும் மின்மயமானதாக 2017 மே 29இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இங்கு மண்ணுக்கடியில் கேபிள் வந்தது. ஆனால் குடிகள் சிதறிக் கிடப்பதால் எல்லாக் குடிகளுக்கும் அது எட்டவில்லை.

இங்கே வனச் சட்டமும் குறுக்கிடுகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, கிராம சபை பரிந்துரைத்தால் மின்கம்பிக்கும் சூரிய மின்சாரத்திற்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம் கிடைக்கும். ஆனால் அமைப்பு அரசின் நிர்வாகத்தில் இருக்க வேண்டும். வெளியார் நடத்தும் சிறு நிலையத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே, மலையூரில் பலகை பொருத்த யார் வந்தாலும் கிராம சபை மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இதில் என்னென்ன ஓடும்? பாட்டரி கெட்டால் செலவு யாருடையது? கம்பி வந்த பின் இதை வாரியம் ஏற்குமா?