தே ஓ நிறத் தண்ணீரில் ஒரு காடு

சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதியில், கடலோரச் சமவெளியை ஒட்டி ஒரு சதுப்புக் காடு இருக்கிறது. ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய வனக் காப்பகங்கள் அதில் அடங்கும். அந்தக் காட்டின் ஓடையில் ஒரு குவளை நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலக்காத தே ஓ போலவே இருக்கும். ஆனால் கலங்கல் இருக்காது. குவளைக்கு அப்பால் உங்கள் விரல் தெளிவாகத் தெரியும்.

இதைத்தான் கருநீர் என்கிறோம். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறும் கருநீர்தான். அந்தப் பெயரின் பொருளே 'கறுப்பு ஆறு'. நம் ஊர் மீன் கடைகளில் நீந்தும் பல அழகு மீன்களின் பூர்வீகம் இத்தகைய நீர்நிலைகளே. உங்கள் பள்ளி அறிவியல் கழகம் நான்கு அடித் தொட்டி ஒன்றில் கருநீர் ஓடையை உருவாக்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றும் அந்தத் தொட்டிக்குள் வந்துவிடும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

சதுப்புக் காட்டில் மண் எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கிறது. நீருக்கடியில் உயிர்வளி மிகக் குறைவு. அதனால் விழுந்த இலையும் கிளையும் முழுமையாக மட்குவதில்லை. பாதி மட்கிய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடுகின்றன. மலாய் மொழியில் 'காம்புட்' என்று சொல்லப்படும் கரிமண் இப்படித்தான் உருவாகிறது.

இலைகளில் டானின் என்ற பொருள் இருக்கிறது. பூச்சிகளும் விலங்குகளும் தின்னாமலிருக்கச் செடிகள் வைத்துள்ள கசப்பான காவல் அது. தேயிலையில் துவர்ப்பைத் தருவதும் டானின் வகைப் பொருள்களே. இலைகள் மட்கும்போது டானினும் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களும் நீரில் கரைந்து பழுப்பு நிறத்தைத் தருகின்றன. மழைநீர் இந்தக் கரிமண்ணின் வழியாகவே ஊறி வருவதால், அதில் சுண்ணாம்பு முதலிய தாதுக்கள் ஏறக்குறைய இருப்பதே இல்லை. அமிலத்தை எதிர்க்க எதுவும் இல்லாததால் இந்த நீரின் பிஎச் அளவு 4க்குப் பக்கத்தில் இருக்கும். பிஎச் அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பிஎச் 4 உள்ள நீர், பிஎச் 7 உள்ள நீரைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

முதலில் கணக்கு, பிறகு கண்ணாடி

தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 300 லிட்டர். மேலே 5 சென்டிமீட்டர் காற்றிடமும் அடியில் 5 சென்டிமீட்டர் மணலும் போக, உண்மையான நீர் ஏறத்தாழ 240 லிட்டர்தான். மருந்தோ மீன் எண்ணிக்கையோ கணக்கிடும்போது இந்த 240ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எடை. 240 லிட்டர் நீர் என்பது 240 கிலோ. மணல், கண்ணாடி, மேசை எல்லாம் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கும். இந்த எடை 0.6 சதுர மீட்டர் தரையில் மட்டும் இறங்குகிறது. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 650 கிலோவுக்கும் மேல். வீட்டுத் தரைகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பரவலான சுமையைக் கருதியே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே அடுக்குமாடியிலோ பள்ளியின் மேல்மாடியிலோ வைப்பதற்கு முன் கட்டடப் பொறியியல் தெரிந்தவரிடம் கேட்பது கட்டாயம். தரைத்தளம் சிறந்தது. நேரடி வெயில் படாத இடமாகவும் இருக்கட்டும்.

இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு? சிறிய தொட்டியில் ஒரு பிடி உணவு அதிகமாக விழுந்தாலும் நீர் கெட்டுவிடும். பெரிய தொட்டியில் வெப்பமும் வேதிநிலையும் மெதுவாகவே மாறும். தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

நிறம் வேறு, அமிலம் வேறு

பலர் தவறுவது இங்கேதான். நீர் பழுப்பாகிவிட்டால் அமிலமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குழாய் நீர், மற்றொன்றில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய நீர். இரண்டிலும் காய்ந்த கெத்தாப்பாங் இலையின் ஒரே அளவுத் துண்டைப் போட்டு, ஒரு வாரம் நாள்தோறும் பிஎச் அளவைக் குறித்து வாருங்கள். இரண்டும் பழுப்பாகும். ஆனால் ஆர்.ஓ. நீரின் பிஎச் தெளிவாக இறங்கும். குழாய் நீரில் மாற்றம் குறைவாகவே இருக்கும்.

காரணம், குழாய் நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் உப்புகள். இலையிலிருந்து வரும் அமிலத்தை அவை உடனுக்குடன் சமன்செய்துவிடுகின்றன. இந்தத் தாங்குதிறனைக் கார்பனேட் கடினத்தன்மை என்பார்கள். நீரைக் கருநீராக்க விரும்பினால், முதலில் இந்தத் தாங்குதிறனைக் குறைக்க வேண்டும். ஆர்.ஓ. நீரில் சிறிது குழாய் நீரைக் கலப்பதே எளிய வழி. முழுக்க ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தினால் தாங்குதிறனே இல்லாமல் போய், பிஎச் திடீரென்று சரிந்துவிடலாம். முதன்முறை செய்பவர்கள் பிஎச் 6 முதல் 6.5 வரை இலக்கு வைத்தால் போதும். காட்டின் 4ஐ எட்டிப்பிடிக்க வேண்டியதில்லை.

குழாய் நீரில் இன்னொன்றும் இருக்கிறது: கிருமிநீக்கி. வெறும் குளோரின் என்றால் திறந்து வைத்தாலே பெரும்பாலும் ஆவியாகிவிடும். சிங்கப்பூரில் குளோரமைன் பயன்படுத்துகிறார்கள். அது அவ்வளவு எளிதில் போகாது. அதற்கென உள்ள நீர்ச் சீராக்கி மருந்தைக் கலந்த பிறகே எந்தக் குழாய் நீரையும் தொட்டியில் ஊற்றுங்கள்.

தொட்டிக்குள் காடு

அடியில் கூர்மையில்லாத மெல்லிய மணல். சிப்பி, பவளத் துண்டு கலந்த கடற்கரை மணல் வேண்டாம். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதுவும் வேண்டாம். அவை மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கிவிடும். சந்தேகமான கல்லில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மணலின் மேல் மரவேர்களும் கிளைகளும். நீரில் மூழ்கும் வரை சில வாரங்கள் தனியாக ஊறவைக்க வேண்டும். அதன் மேல் இலைகள். நம் ஊர்ச் சாலையோரங்களிலும் கடற்கரையிலும் நிற்கும் கெத்தாப்பாங் மரம் உங்களுக்குத் தெரியும். தமிழில் நாட்டு வாதுமை என்பார்கள். தானாக உதிர்ந்து பழுப்பான இலைகளை மட்டும் பொறுக்குங்கள். பூச்சிமருந்து அடிக்கும் இடம், வாகனப் புகை படியும் சாலையோரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கழுவிக் காயவைத்து, முதலில் ஆறு அல்லது ஏழு இலைகள் போட்டு, நிறத்தைப் பார்த்துக்கொண்டே கூட்டலாம். வடிகட்டியில் கரித்துகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது டானினை உறிஞ்சி நீரைத் திரும்ப வெளுக்க வைத்துவிடும்.

பழுப்பு நீர் ஒளியை விழுங்கும் என்பதால் எல்லாச் செடிகளும் இதில் வளரா. மங்கிய ஒளியைத் தாங்கும் கிரிப்டோகோரைன் வகையும் மேலே மிதக்கும் செடிகளும் போதும். விளக்கும் மிதமாகவே இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

தொட்டி தயார். உடனே மீன் வாங்கலாமா? கூடாது. மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும்; அதன் கேடு மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நோயில்லாத வேறொரு தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால் வேலை விரைவுபடும்.

பிஎச் 6க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியாக்களின் வேகம் வெகுவாகக் குறையும். ஆகவே தொடக்க வாரங்களில் நீர் 7ஐ ஒட்டியே இருக்கட்டும். தினமும் சிறிது மீன் உணவைப் போட்டு அவற்றுக்குத் தீனி கொடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று சோதனைப் பெட்டி காட்டிய பிறகு, வாரக்கணக்கில் மெதுவாக அமிலத்தன்மையைக் கூட்டலாம்.

யாரைக் குடியமர்த்துவது?

ஒரே வட்டாரத்து மீன்களாக இருந்தால் அவற்றின் தேவைகளும் ஒத்துப்போகும். நம் வட்டாரத்திலேயே தேர்ந்தெடுப்போம்.

நடுநீரில் ஹார்லிக்குவின் ரஸ்போரா. 1904இல் அறிவியல் பெயர் பெற்ற இது மலாய்த் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் உரிய மீன். உடலில் கறுப்பு முக்கோணம் இருக்கும். நான்கு, ஐந்து சென்டிமீட்டர்தான் வளரும். கூட்டமாக வாழ்வதால் 25 மீன்களாவது இருந்தால் அதன் இயல்பைப் பார்க்கலாம். கிரிப்டோகோரைன் இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் திரும்பி முட்டையிடும் காட்சியைக்கூட நீங்கள் காண நேரலாம்.

அடிமணலில் குஹ்லி லோச், எட்டு மீன்கள். பாம்புக்குட்டி போல நெளிந்து இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். மேல்மட்டத்தில் முத்து கோராமி, ஓர் ஆண், மூன்று பெண்கள். இது 12 சென்டிமீட்டர் வரை வளரும். தலைக்குள் உள்ள சிறப்பு உறுப்பால் காற்றையும் சுவாசிக்கும். நாம் மேலே விட்ட 5 சென்டிமீட்டர் காற்றிடம் அதற்காகத்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் ரஸ்போராவில் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி, பிறகு லோச், கடைசியாகக் கோராமி. பாக்டீரியாக்கள் ஒவ்வொரு முறையும் பெருகிக்கொள்ள இந்த இடைவெளி தேவை.

சாக்லெட் கோராமியும் கருநீர் மீனே. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். ஆனால் அது நுட்பமான உயிர். கடைக்கு வருவன பெரும்பாலும் காட்டில் பிடிக்கப்பட்டவை. தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம். தோமான் குஞ்சும் அரோவானாவும் சிறிதாக இருக்கும்போது கவரும். தோமான் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடியது. நான்கு அடித் தொட்டி அதற்குச் சிறைதான்.

ஒரே இரவில் நேரும் ஆபத்து

ஆறு மாதம் கழித்து எல்லாம் நன்றாக இருக்கிறது. சோதனை செய்வதை விட்டுவிட்டீர்கள். இதற்கிடையில் தாங்குதிறன் தீர்ந்து பிஎச் 5.5க்கு வந்துவிட்டது. பாக்டீரியா சோர்ந்துவிட்டதால் கழிவு சேர்கிறது. ஆனாலும் மீன்கள் சாகவில்லை. ஏன்? அமில நீரில் அம்மோனியா, அம்மோனியம் அயனியாக மாறிவிடுகிறது. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

விடுமுறை முடிந்து வந்த ஒருவர், நல்லெண்ணத்தோடு பாதி நீரை இறைத்துவிட்டுக் குழாய் நீரை நிரப்புகிறார். பிஎச் 8ஐ நெருங்குகிறது. பிஎச் 6இல் மொத்த அம்மோனியாவில் பத்தாயிரத்தில் ஆறு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8இல் அது நூற்றில் ஐந்து, ஆறு பங்கு. ஏறக்குறைய நூறு மடங்கு! பாதிக் கழிவை வெளியேற்றியும் மீதி நஞ்சாகிவிட்டது. மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கின்றன. கொன்றது அழுக்கு நீர் அல்ல, அவசரமாக ஊற்றிய சுத்தமான நீர்.

ஆகவே வாரம் ஒரு முறை பிஎச், அம்மோனியா, நைட்ரைட், கார்பனேட் கடினத்தன்மை நான்கையும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். புது நீர் பழைய நீரை ஒத்திருக்க வேண்டும்.

தொட்டிக்கு வெளியே

240 லிட்டரைச் சமநிலையில் வைக்கவே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. காட்டில் இந்தச் சமநிலையை மரங்களும் மழையும் கரிமண்ணும் காக்கின்றன. தோட்டத்துக்காகவோ கட்டடத்துக்காகவோ கால்வாய் வெட்டி நீரை வடித்தால், கரிமண் காய்ந்து தீப்பிடிக்கும். அந்தத் தீ நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் புகையும். பள்ளிகளை மூட வைக்கும் புகைமூட்டத்தில் அதன் பங்கு பெரிது.

மீன்களுக்கோ போக்கிடமில்லை. பெட்டா லிவிடா என்ற சிறிய சிவப்புச் சண்டை மீன் 1992இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் தாயகம் வட சிலாங்கூர்க் கரிமண் காடு. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். சுமத்ராவின் கரிமண் காட்டில் வாழும் பீடோசிப்ரிஸ் புரொஜெனெட்டிகா 2006இல்தான் பெயர் பெற்றது. முதிர்ந்த பெண் மீன் 7.9 மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது; உலகின் மிகச் சிறிய மீன்களில் ஒன்று. பெயர் வைப்பதற்கு முன்பே மறைந்துபோன இனங்கள் எத்தனையோ?

அதனால் மீன் வாங்கும்போது, பண்ணையில் வளர்த்ததா, காட்டில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். அங்குள்ள உயிர்களுக்கு அது நோயாகவும் போட்டியாகவும் முடியும். கடையிடமோ வளர்க்கத் தெரிந்த நண்பரிடமோ ஒப்படையுங்கள்.

மாணவர்களே, உங்கள் தொட்டியைப் பார்க்க வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "தண்ணீர் ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். அப்போது ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரை மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். பிறகு காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குங்கள்.