பஞ்ச்குலாவில் ஞாயிற்றுக்கிழமைகள்

பணியிட மாறுதல் ஆணை கைக்கு வந்ததும் நாம் முதலில் விசாரிப்பவை வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளியுமே. விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி, புது ஊரில் குடியேறி இரண்டு மாதங்கள் கழிந்த பிறகுதான் எழுகிறது. ஹரியானா மாநிலத்தின் பஞ்ச்குலாவுக்கு நாங்கள் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. மகள் பள்ளியில் எப்படியோ சமாளித்துக்கொண்டாள். மகனோ இந்தி தெரியாத கூச்சத்தால் மாலையில் விளையாடப் போவதையே நிறுத்திவிட்டான். வீட்டில் தொலைபேசித் திரையே அவனுக்கு ஊராயிற்று. நாங்களும் அறியாமல் ஒரு தவறு செய்தோம். ஞாயிறுதோறும் குளிர்பதன வணிக வளாகத்திற்கு அழைத்துச் சென்றோம். பணம் செலவாயிற்று, ஊர் மட்டும் அறிமுகமாகவில்லை. எந்த ஊரின் வணிக வளாகமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது!

சண்டிகருக்கு ஒட்டினாற்போல் அமைந்த திட்டமிட்ட சிறு நகரம் பஞ்ச்குலா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் சுமார் இரண்டு லட்சம் பேர். ‘செக்டர்’ எண்களே முகவரி. பார்ப்பதற்கு எதுவுமில்லாத, அலுவலகமும் உறக்கமும் மட்டுமேயான ஊர் என்று முதலில் தோன்றும். பெருநகரங்களை அடுத்த சிறு நகரங்கள் பலவற்றிற்கும் இந்தப் பெயர் உண்டு. ஆயினும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இந்த ஊர் குழந்தைகளுக்காக வைத்திருப்பவை ஏராளம்.

நாங்கள் முதலில் கண்டுபிடித்தது ஐந்தாம் செக்டரில் உள்ள கள்ளித் தோட்டம். 1987இல் ஏழு ஏக்கரில் உருவாக்கப்பட்ட இத்தோட்டம், அதை அமைப்பதில் பெரும்பங்காற்றிய டாக்டர் சர்க்காரியாவின் பெயரைத் தாங்கியுள்ளது. நுழைவுக் கட்டணம் மிகச் சொற்பம். உள்ளே நுழைந்ததும், “இது நம் ஊர்ச் செடிதானே?” என்று மகன் கேட்டான். பல மாதங்களுக்குப் பின் அவனாக எழுப்பிய முதல் கேள்வி அது.

அதற்கு விடை சொல்வது அத்தனை எளிதன்று. நம் ஊர் வேலிகளில் காணும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை பெயரால் கள்ளிகளாயினும், தாவரவியலார் ‘கேக்டஸ்’ என வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை ஆமணக்கின் உறவினங்கள். கிள்ளினால் வெண்பால் வடியும். உண்மையான கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதன் முட்கள் தண்டின்மேல் ஆங்காங்கே உள்ள பஞ்சு போன்ற சிறு மெத்தைகளிலிருந்து கொத்தாகப் புறப்படும். இந்த மெத்தையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் குழந்தைகளுக்கு நாங்கள் வைத்த போட்டி. மெத்தை இருந்தால் கேக்டஸ்; இல்லாவிட்டால் வேறு குடும்பம். வெவ்வேறு கண்டங்களில் பிறந்த இரு குடும்பங்கள், வறட்சி என்னும் ஒரே நெருக்கடியைச் சந்தித்து, இலையைத் துறந்து, தண்டில் நீரைச் சேமித்து, ஒரே தோற்றத்தை அடைந்திருக்கின்றன. பாடநூலில் ஒரு பத்தியாக வரும் செய்தியை இங்கே ஒரு காலைப்பொழுதில் கண்ணால் காணலாம். (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது என்பதைப் போட்டியின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.)

நம் ஊரில் பரவலாகக் காணும் உண்மையான கேக்டஸ் சப்பாத்திக்கள்ளி. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் ஆசையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கம்பெனி மருத்துவர் சென்னைச் சைதாப்பேட்டையில் இதற்கெனவே ஒரு தோட்டம் வைத்திருந்தார். அங்கே பணிபுரிந்த முதிய தோட்டக்காரர் ஒருவரிடம் அந்தச் செடியின் பெயரைக் கேட்டு வரும்படி மகனை அனுப்பினோம். தயங்கித் தயங்கிப் போனவன், “நாக்பனி” என்ற விடையோடு ஓடி வந்தான். நாகத்தின் படம் என்பது அதன் பொருள். தமிழிலும் அச்செடிக்கு நாகதாளி என்றொரு பெயர் உண்டு என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தி பேசுவோரும் நம்மவரும் அந்தத் தட்டையான தண்டில் ஒரே பாம்பைக் கண்டிருக்கிறார்கள்! அன்று முதல், எங்கே சென்றாலும் ஒரு பொருளின் பெயரை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வருவது அவனுடைய பொறுப்பாயிற்று. இரண்டு மாதங்களில் அவன் குறிப்பேட்டில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. மாலை விளையாட்டுக்கும் நண்பர்கள் சேர்ந்தனர்.

அடுத்தது கக்கர் ஆறு. பஞ்ச்குலாவை ஒட்டி ஓடும் இவ்வாறு கடலைச் சேர்வதில்லை. மழைக்காலத்தில் பெருகி, மேற்கே ராஜஸ்தான் பாலை நோக்கிச் சென்று வற்றிவிடும். எல்லா ஆறுகளும் கடலில் கலக்கும் என்று எண்ணியிருந்த மகளுக்கு இது நம்ப இயலாத செய்தியாக இருந்தது. குளிர்காலத்தில் ஆற்றுப் படுகையின் பெரும்பகுதி வெறும் கூழாங்கற்களாகக் கிடக்கும். அப்போது ஒரு பையுடன் சென்று கற்களை நிறம்வாரியாகப் பிரிப்பது நல்ல பொழுதுபோக்கு. பிறகு மோர்னி மலைக்குச் செல்லும் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, வெட்டப்பட்ட மலைச்சரிவுகளைக் காட்டுங்கள். சில இடங்களில் அதே உருண்டைக் கற்கள் மண்ணோடு அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். உருண்டு தேய்ந்த கல் மலைக்குள் எப்படி வந்தது? இமயத்திலிருந்து ஆறுகள் சுமந்து வந்த மணலும் கல்லுமே படிந்து, இறுகி, பின்னர் மேலெழுந்து சிவாலிக் மலைத்தொடர் ஆயிற்று என்பதுதான் விடை. நம் நாட்டு மலைகளில் இவை வயதில் மிக இளையவை. ஆகவேதான் மழைக்கு எளிதில் சரிகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆற்றுப் படுகையிலும் மலைச்சரிவின் அடியிலும் குழந்தைகளை விடவே கூடாது. ஊரில் வெயில் அடிக்கும்போதே, மேலே பெய்த மழையால் நீர் திடீரெனப் பாய்ந்து வரும்.

இந்த மலையடுக்கில் ஒரு பிரிவுக்கு நிலவியலார் ‘பிஞ்சோர்’ என்றே பெயரிட்டுள்ளனர். அந்தக் காலத்துப் படிவுகளில் பேருருவ ஆமைகள், மிக நீண்ட தந்தமுடைய யானைகள், நீர்யானைகள் ஆகியவற்றின் தொல்லெச்சங்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில், இமாசலப் பிரதேசத்தின் சுகேத்தியில், 1974இல் தொடங்கப்பட்ட சிவாலிக் தொல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. அவ்விலங்குகளை முழு அளவு உருவங்களாக அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உருவங்களைவிட, அவை நிற்கும் இடம்தான் அவற்றின் உண்மையான இருப்பிடம் என்பதே என்னைக் கவர்ந்தது. மகனைக் கவர்ந்தது ஆமை.

பிஞ்சோர் என்ற பெயரால் பலரும் அறிந்தது அங்குள்ள முகலாயத் தோட்டம். ஔரங்கசீப்பின் வளர்ப்புறவுச் சகோதரரான ஃபிதாய் கான் 17ஆம் நூற்றாண்டில் அமைத்தது; பின்னாளில் பாட்டியாலா மன்னர்களிடம் வந்து, இன்று யாதவேந்திரத் தோட்டம் எனப்படுகிறது. ஏழு தளங்களாகக் கீழ்நோக்கி இறங்கும் இதன் நடுவே நீர்வழியும் நீரூற்றுகளும் அமைந்துள்ளன. வழக்கமாக ஜூலையில் மாம்பழத் திருவிழா நடைபெறும். இத்தோட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. நவாப் தம் குடும்பத்துடன் வந்து தங்கியது மலைநாட்டுச் சிற்றரசர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, கழுத்துக் கழலை உள்ள பெண்களாகத் தேர்ந்தெடுத்து அரண்மனைக்குப் பழம் விற்க அனுப்பினார்களாம். இவ்வூர் நீரைக் குடித்தால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று அவர்கள் சொல்ல, அந்தப்புரமே அஞ்சி மூட்டை கட்டிற்றாம். கதை உண்மையோ அல்லவோ, கழலை உண்மை. மழையும் பனியும் மலைமண்ணின் அயோடினைக் கழுவிச் சென்றுவிடுவதால், இமய அடிவாரத்தில் நெடுங்காலம் இந்நோய் மிகுதியாக இருந்தது. 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு இதைத் தடுக்கும் என்று காட்டியது. வீடு திரும்பியதும் மகள் உப்புப் பொட்டலத்தை எடுத்து அதன் பின்புறத்தைப் படித்துப் பார்த்தாள்.

சண்டிகரின் சுக்னா ஏரியையும் பாறைத் தோட்டத்தையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அவை யாவரும் அறிந்தவை. சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு இரகசியமாகக் கட்டி, 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தோட்டம் அது. சென்று வந்த வாரத்தில் உங்கள் வீட்டில் எந்தப் பொருளும் குப்பைக்குப் போகாது என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பயணத்திற்கும் ஒதுக்கிய தொகையை மகளிடமே கொடுத்தோம். நுழைவுச் சீட்டு, தேநீர், சோளக்கதிர் எல்லாம் அவள் கையால். எஞ்சியது அவளுடைய சேமிப்பு. இரண்டாம் மாதத்திலேயே வீட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள்! பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. தொகை வரம்பை அந்தந்த வங்கி வகுக்கும். இருப்புக்கு மேல் பணம் எடுக்க இயலாது என்பதால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. வயதுச் சான்றுடன் அவளை வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்ற நாளையும் நாங்கள் ஓர் உலாவாகவே கணக்கில் சேர்த்திருக்கிறோம். சீட்டைப் பூர்த்தி செய்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எட்டிப் பார்த்து அவள் பணம் செலுத்தியபோது நாங்கள் தொலைவில்தான் இருந்தோம்.

மிகச் சிறந்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சிம்லா செல்லும் சிற்றிருப்புப் பாதை தொடங்கும் கால்கா, பஞ்ச்குலா மாவட்டத்திலேயே இருக்கிறது. 1903இல் திறக்கப்பட்ட இப்பாதையின் நீளம் 96 கிலோமீட்டர். தண்டவாள இடைவெளி 762 மில்லிமீட்டர். நம் நீலகிரி இருப்புப்பாதையும் இதுவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஒரே பதிவின்கீழ் இடம்பெற்றவை. நீலகிரி 2005இலும் இது 2008இலும் சேர்ந்தன. மேட்டுப்பாளையம் வண்டியில் பயணம் செய்த குழந்தைகள், இங்கே பற்சட்டம் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே செங்குத்தான பகுதிகளில் 12 அடி தூரத்திற்கு ஓரடி ஏற்றம். அதனால் சக்கரம் வழுக்காதிருக்கப் பற்சட்டம் வேண்டும். இங்கே 33 அடிக்கு ஓரடிதான். மலையை நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றி ஏறுவதால் பற்சட்டமின்றியே வண்டி செல்கிறது. சரிவைக் குறைத்ததற்கு விலை தூரம். கையில் ஒரு நூலை வளைத்துக் காட்டினால் ஏழு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

சிம்லா வரை ஒரு முழு நாள் பிடிக்கும். சிறு குழந்தைகளுடன் செல்வோர் பரோக் நிலையத்தில் இறங்கித் திரும்புவதே நலம். அந்நிலையத்தை ஒட்டியுள்ள சுரங்கம்தான் இப்பாதையில் மிக நீளமானது: 1,143 மீட்டர். அதன் எண் 33. எங்கள் வீட்டுக் குழந்தைகள் கால்காவிலிருந்து ஆளுக்கொரு பக்கமாக எண்ணிக்கொண்டு வருவார்கள். இதுவரை ஒருமுறையும் இருவர் கணக்கும் ஒத்துப்போனதில்லை. பயணச்சீட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் சமவெளியின் மூடுபனியால் தொலைதூர வண்டிகள் தாமதமாகும். கால்கா வரை சாலைவழியே சென்றுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. சன்னலோர இருக்கைக்கு எழும் சண்டைக்கு மட்டும் எங்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.